திருச்சி, பெரம்பலூர், அரியலூர், பெரம்பலூர், அரியலூர்

என் மகன் இந்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தான். கல்லூரி விண்ணப்பத்துக்கு ஏதோ பழைய தாள் வேண்டும் என்று ஒரு ராத்திரி பரணில் ஏறி, அப்பாவின் தகரப்பெட்டியை இறக்கினான். அப்பா எந்தக் காகிதத்தையும் தூக்கிப் போட்டவர் இல்லை. நிலவரி ரசீது, கூட்டுறவுச் சங்கத்துக் கடன் சீட்டு, எங்கள் டி.சி.க்கள், கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் மஞ்சள் பையில் சுற்றிப் பத்திரமாக இருந்தன. தரையில் பரப்பி ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தவன் நிமிர்ந்து, "அம்மா, நாம எத்தனை ஊர்லம்மா இருந்திருக்கோம்?" என்று கேட்டான்.

ஒரே ஊர்தான். ஒரே வீடு. ஓடு போய்த் தளம் வந்தது, அவ்வளவுதான். அப்பாவுக்கு நான் ஒரே பிள்ளை. உள்ளூரிலேயே அத்தை மகனைக் கட்டிக்கொண்டதால் கல்யாணத்துக்குப் பிறகும் இதே வாசல். ஆனால் அவன் கேட்டதில் தப்பில்லை. 1995 ஜூனில் பத்தாவது முடித்து வாங்கிய டி.சி.யில் என் மாவட்டம் திருச்சிராப்பள்ளி. 1997-ல் பன்னிரண்டாவது முடித்தபோது பெரம்பலூர். 2001 மே மாதக் கல்யாணப் பத்திரிகையில் அரியலூர் மாவட்டம். 2002 ஜூனில் பிறந்த மகளின் பிறப்புச் சான்றிதழில் மறுபடி பெரம்பலூர். 2008 டிசம்பரில் பிறந்த இவனுடையதில் மறுபடி அரியலூர்.

நடந்தது இதுதான். 1995-ன் பிற்பகுதியில் பழைய திருச்சி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. அதிலிருந்து 2001 ஜனவரி 1-ல் அரியலூர் பிரிந்தது. 2002 மார்ச் இறுதியில் அரியலூரைத் திரும்பவும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். 2007 நவம்பர் 23-ல் மீண்டும் தனி மாவட்டம். ஒரு வீட்டு அக்காவும் தம்பியும் வெவ்வேறு மாவட்டத்தில் பிறந்தார்கள் என்று யாராவது சொன்னால் குடும்பம் இடம் பெயர்ந்திருக்கும் என்றுதான் நினைப்போம். இங்கே பிள்ளைகள் இருவரும் ஒரே அறையில் வளர்ந்தவர்கள்.

நான் எங்கள் ஊர்க் கிளை அஞ்சலகத்தில் போஸ்ட்மாஸ்டர். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. முகவரிதான் என் பிழைப்பு. அந்த நாட்களில் வந்த கடிதங்களில் பாதிப் பேர் திருச்சி என்று எழுதியிருப்பார்கள், கால்வாசிப் பேர் பெரம்பலூர், மிச்சம் அரியலூர். வெளிநாட்டிலிருந்து எழுதும் பிள்ளைகள் மூன்றையும் எழுதிவிடுவார்கள். எல்லாம் வந்து சேர்ந்தன. 621 என்று தொடங்கும் எங்கள் பின்கோடு மட்டும் ஒரு தடவைகூட மாறவில்லை. தபால் பைக்கு அது போதும்.

மனிதர்களுக்கு அது போதாது. கலெக்டரிடம் மனுக் கொடுக்கப் போகிறவர்களுக்கு எந்த ஊருக்கு பஸ் ஏறுவது என்பதே அப்போது கேள்வி. இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு மாவட்டம் என்றால் அதுதான்: விடிகாலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குத் திரும்ப முடியுமா, முடியாதா. திருச்சியாக இருந்தபோது முடியாது.

அன்று ராத்திரி மகனிடம் எங்கள் மாவட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்து, தூங்கப் பன்னிரண்டு மணி ஆகிவிட்டது. அப்போது சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இந்த இரண்டு ஆற்றுக்கும் நடுவில் இருப்பதுதான் அரியலூர் மாவட்டம். சுமார் 1,940 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் 7,54,894 பேர். அதில் நூற்றுக்கு 11 பேர்தான் நகர்ப்புறத்தில். மற்ற எல்லாரும் கிராமம். மலை கிடையாது, கடற்கரை கிடையாது. ஆனால் மண் மட்டும் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு ஒரு தரம் மாறும். செந்துறைப் பக்கம் எங்களுடையது கரிசல். பருத்தியும் மக்காச்சோளமும் மானாவாரியில் போடுவோம். கிழக்கே ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் போனால் செம்மண், முந்திரிக்காடு. தெற்கே திருமானூர் தாண்டிக் கொள்ளிடக் கரைக்கு இறங்கினால் நெல்லும் கரும்பும். பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து மண்ணை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தால் எந்த ஊர் நெருங்குகிறது என்று சொல்லிவிடலாம்.

கரிசலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று நான் பார்த்தது எட்டு ஒன்பது வயதில். அப்பா கொல்லையில் கிணறு வெட்டினார். மேல் மண் கறுப்பு, அதற்குக் கீழே களி, அதற்கும் கீழே வெள்ளையும் மஞ்சளுமாகச் சுண்ணாம்புப் பாறை. மேலே நின்று நாலு பேர் கயிறு இழுக்க, கூடை கூடையாகப் பாறைத் துண்டு வரும். கொட்டிய குவியலில் நாங்கள் விளையாடுவோம். ஒரு நாள் என் கையில் ஒரு கல் அகப்பட்டது. நத்தை மாதிரி சுருண்டிருந்தது. பெரிய அடைத்தட்டு அளவு. நடுவில் சின்னதாகத் தொடங்கி, வெளியே வர வர அகலமாகி, மேலெல்லாம் வரி வரியாக இருந்தது. கூடவே கை அகலத்துக்குச் சிப்பிகளும் வந்தன. எல்லாம் கல். தட்டினால் கல் சத்தம்.

அப்பத்தா அதைப் பார்த்துவிட்டு, "சாமி கல்லு, காலால் மிதிக்காதே" என்றாள். கழுவித் துடைத்து மாடத்தில் வைத்தாள். அப்பாவிடம் கேட்டதற்கு, "நம்ம பக்கம் எங்க வெட்டினாலும் இது வரும்மா" என்று சொல்லிவிட்டுக் கயிறு இழுக்கப் போய்விட்டார். கடலே பார்க்காத மனிதர். சிப்பி எங்கிருந்து வந்தது என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தக் கல்லின் பெயர் அம்மோனைட் என்று எனக்குத் தெரியவந்தது முப்பது வயதுக்கு மேல். கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் தூரத்துச் சொந்தம். டைனோசர்கள் அழிந்த அதே காலத்தில், 6.6 கோடி வருஷத்துக்கு முன், அம்மோனைட்டுகளும் பூண்டோடு அழிந்துபோயின. அதற்கு முன் பல லட்சம் லட்சம் வருஷங்கள் எங்கள் கொல்லை இருக்கும் இடத்தில் கடல் ஏறியும் வடிந்தும் இருந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் சேறும் சிப்பியும் மணலும் அடுக்கடுக்காகப் படிந்தன. அந்த அடுக்குகளைத்தான் அப்பா வெட்டினார்.

இந்தக் கல்லைத் தேடி வெள்ளைக்காரர்கள் இங்கே ரொம்ப முன்பே வந்திருக்கிறார்கள். 1840-களில் மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்த கே என்பவரும் கன்லிஃப் என்பவரும் பாண்டிச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பக்கத்துப் பாறைகளிலிருந்து சிப்பிகளையும் அம்மோனைட்டுகளையும் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற அறிஞர் அவற்றை ஆராய்ந்து 1846-ல் எழுதினார். அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்டு இந்தப் பகுதி முழுவதும் அலைந்து பாறைகளை வகைப்படுத்தினார். அவர் பிரித்த மூன்று தொகுதிகளில் மேலே இருப்பதற்கு அவர் வைத்த பெயர் அரியலூர்.

இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. சும்மா சொல்லவில்லை. அரசாங்கம் ஒரு பெயரைக் கொடுத்து, பதினைந்து மாதத்தில் பிடுங்கி, ஐந்தரை வருஷம் கழித்துத் திருப்பிக் கொடுத்தது. நூற்றறுபது வருஷத்துக்கு மேலாக உலகத்து நிலவியல்காரர்களிடம் அந்தப் பெயர் மாறாமல் இருந்துகொண்டே இருந்திருக்கிறது. அரியலூர்த் தொகுதிக்குள் இருக்கும் சின்ன அடுக்குகளின் பெயர்களைக் கேளுங்கள்: சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஒட்டக்கோவில், கல்லமேடு. சில்லக்குடியும் ஒட்டக்கோவிலும் எங்கள் பாசஞ்சர் ரயில் நிற்கும் ஸ்டேஷன்கள். கல்லங்குறிச்சி, ராமநவமித் திருவிழாவுக்கு மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போவோமே, கலியுக வரதராசப் பெருமாள் கோவில், அந்த ஊர். எங்கோ ஒரு நாட்டில் பாறை படிக்கும் ஒரு மாணவி பரீட்சையில் கல்லங்குறிச்சி என்று எழுதுகிறாள். எங்கள் ஊர் மாணவிக்கு அது தெரியாது. எனக்கும் தெரிந்திருக்கவில்லை. இவற்றில் சில்லக்குடி இப்போது பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கிறது. பாறைக்கு அந்த எல்லை தெரியாது, அது அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒன்றாகத்தான் ஓடுகிறது.

பிளான்ஃபோர்டு சேர்த்தவற்றைக் கல்கத்தாவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக விவரித்துப் பெரிய பெரிய தொகுதிகளாக எழுதியவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. இப்போதைய செக் நாட்டுக்காரர். 1874-ல் யார்க்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக் மலையில் மூச்சு முட்டி இறந்துபோனார். லே ஊரில் அவருக்குக் கல்லறை இருக்கிறது. வயது முப்பத்தாறு. எங்கள் கரிசல் மண்ணில் கிடந்த நத்தைகளுக்கெல்லாம் பெயர் வைத்த மனிதர். ஓர் அம்மோனைட்டுக்கு அரியலூர்ப் பெயரையும் இன்னொன்றுக்கு ஒட்டக்கோவில் பெயரையும் வைத்திருக்கிறார்.

கல்லமேட்டில் கடல் வடிந்து நிலமான காலத்து எலும்புகள் கிடைத்தன. அங்கே கிடைத்த ஒரு டைனோசருக்கு 1987-ல் நம் விஞ்ஞானிகள் 'பிருகத்காயோசாரஸ்' என்று பெயர் வைத்தார்கள். பேருடல் பல்லி என்று அர்த்தம். கால் எலும்பு ஒன்று மட்டுமே 2 மீட்டர் நீளம். உலகத்தில் வாழ்ந்த மிகப்பெரிய நில விலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். ஆனால் அந்த எலும்பு இப்போது இல்லை. மழையிலும் ஈரத்திலும் பொடியாகி நொறுங்கிவிட்டது. மிஞ்சியது வரைபடங்களும் சில புகைப்படங்களும்தான். அது எலும்பே இல்லை, கல்லான மரம் என்று சிலர் சந்தேகப்பட்டபோது எடுத்துக் காட்ட ஒன்றுமில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அப்பத்தா மாடத்தில் துணி விரித்து வைத்த கல் இன்னும் பத்திரமாக இருக்கிறது.

வாரணவாசியில் இப்போது புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. மகனை இரண்டு தடவை கூட்டிப்போயிருக்கிறேன். கண்ணாடிக்குப் பின்னால் எங்கள் வீட்டு நத்தையைப் போலவே ஒன்றைப் பார்த்துவிட்டு, "அம்மா, நம்மளோடது இதைவிடப் பெருசு" என்று சத்தமாகச் சொன்னான். நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

நத்தைக் கல் ஒரு பக்கம் இருக்கட்டும். எங்கள் மாவட்டத்தில் கல் போன கதை ஒன்று உண்டு. அதைக் கேட்டால் இன்னும் வருத்தம் வரும்.

ராஜேந்திர சோழன் கங்கை வரை படை அனுப்பி, வென்ற நாடுகளிலிருந்து கங்கை நீரைக் கொண்டுவரச் செய்து, தஞ்சாவூரை விட்டுவிட்டு, ஜெயங்கொண்டத்துக்குக் கிழக்கே புதுத் தலைநகரம் கட்டினான். கங்கைகொண்ட சோழபுரம். சோழகங்கம் என்று ஒரு பெரிய ஏரி வெட்டினான். தண்ணீரால் ஆன வெற்றித் தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு அதைச் சொல்கிறது. இப்போது அதற்குப் பொன்னேரி என்று பெயர். கடல் கடந்து படை போனதும் இந்த ஊரில் இருந்த அரசனின் உத்தரவில்தான். சுமார் 250 வருஷம் சோழர்கள் இங்கிருந்து ஆண்டார்கள். அந்தத் தலைநகரத்துக்கு இன்று பஸ்ஸில் போய் இறங்கினால் கோவில் ஒன்றுதான் நிமிர்ந்து நிற்கும். சுற்றிலும் முந்திரியும் சோளக்காடும். மாளிகைமேடு என்ற இடத்தில் தோண்டினால் அரண்மனையின் செங்கல் சுவர் வருகிறது, சீனப் பீங்கான் துண்டு வருகிறது.

கோவிலைச் சுற்றி ஒரு காலத்தில் பெரிய கருங்கல் மதில் இருந்தது. 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது அந்த மதிலைப் பிரித்துக் கல்லை எடுத்துப் போனார்கள். ஊர் ஜனங்கள் தடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கல்லுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்தார்கள், கட்டித் தரவில்லை. கும்பகோணம் போகும்போது அணைக்கரையில் பஸ் அந்த அணைமேல்தான் ஊர்ந்து போகும். சின்ன வயதில் ஜன்னலுக்கு வெளியே மதகும் தண்ணீரும் மட்டும் பார்த்தேன். இப்போது போகும்போது கருங்கல்லைத்தான் பார்க்கிறேன். எந்தக் கல் எங்கிருந்து வந்ததோ, யாரால் சொல்ல முடியும்?

கோபம் மட்டும்தான் என்று சொன்னால் அது பொய். கீழணையில் தேங்கும் தண்ணீர்தான் வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போகிறது. வழியெல்லாம் வயல் விளைகிறது. 2004-லிருந்து வீராணத்துத் தண்ணீர் குழாயில் சென்னைக்கும் போகிறது. என் மகள் அங்கேதான் வேலை பார்க்கிறாள். அவள் தங்கியிருக்கும் பக்கம் வீராணம் தண்ணீர் வருகிறது என்று சொன்னாள். ராஜேந்திரன் கோவில் மதிலில் தேங்கிய தண்ணீரை என் பிள்ளை குடிக்கிறாள். இதில் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

மூன்றாவதாகப் போகும் கல்லுக்கு லாரி எண் உண்டு. சுண்ணாம்புக்கல். கல்லங்குறிச்சி அடுக்கு என்று சொன்னேனே, அதில் சிப்பி அதிகம். சிப்பி என்றால் சுண்ணாம்பு. சுண்ணாம்பு என்றால் சிமென்ட். அரியலூரில் அரசு சிமென்ட் ஆலை 1979-ல் வந்தது. பிறகு தனியார் ஆலைகள் வரிசையாக வந்தன. சென்னையிலும் பெங்களூரிலும் எழும்பும் வீடுகளில் எங்கள் கடல் சிப்பி இருக்கிறது. எங்கள் ஊரில் பத்துக் குடும்பத்துக்காவது இதில்தான் சோறு. ஒப்பந்தத் தொழிலாளி, வெல்டர், லாரி டிரைவர், கேன்டீன் சமையல். அதை நான் மறைக்க மாட்டேன்; மாதாமாதம் அவர்கள் ஆர்.டி. கட்ட என்னிடம்தான் வருகிறார்கள்.

ஆனால் அந்த லாரிகள். எங்கள் சாலைகள் மாட்டு வண்டிக்கும் டவுன் பஸ்ஸுக்கும் போட்ட சாலைகள். அதில் இரவும் பகலும் கல் ஏற்றிய டிப்பர் ஓடுகிறது. பள்ளிக்கூடம் விடும் நேரம் என்றுகூடப் பார்ப்பதில்லை. எங்கள் அஞ்சலகத்துத் தபால்காரர் அண்ணன் ஒரு சாயங்காலம் சைக்கிளில் தபால் பையோடு திரும்பி வந்தபோது லாரி உரசிவிட்டுப் போய்விட்டது. வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. ஆலைக்காரர்கள், லாரி ஒப்பந்தக்காரருடையது என்றார்கள். ஒப்பந்தக்காரர், அன்று அந்த வண்டி ஓடவே இல்லை என்றார். அண்ணன் எட்டு மாதம் படுக்கையில் இருந்தார். அவர் பையிலிருந்து சிதறிய கடிதங்களைப் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுத்தவர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். வெள்ளைத் தூசி படிந்த அந்த உறைகளை ஒவ்வொன்றாகத் துடைத்து மறுநாள் நானே வீடு வீடாகப் போய்க் கொடுத்தேன்.

வெட்டி முடித்த சுரங்கங்களைப் போய்ப் பாருங்கள். பனைமர ஆழத்துக்குப் பள்ளம். மழை பெய்தால் பச்சையும் நீலமுமாகத் தண்ணீர் நிற்கும், பார்க்க அழகாக இருக்கும். கரையோரம் உதிர்ந்து கிடக்கும் சிப்பிகளைக் கை நிறைய அள்ளலாம். ஆடு மேய்க்கும் பிள்ளைகள் வைத்து விளையாடுகிறார்கள்.

ஜெயங்கொண்டம் பக்கம் வேறு கதை. அங்கே பூமிக்குள் பழுப்பு நிலக்கரி. மின்நிலையம் வரப்போகிறது என்று 1990-களில் பதின்மூன்று கிராமங்களில் நிலம் எடுத்தார்கள். என் பெரியம்மா மகள் அக்கா வாழ்க்கைப்பட்டது அதில் ஒரு கிராமம். நிலக்கரி வெட்டவும் இல்லை, மின்நிலையம் வரவும் இல்லை. நிலம் மட்டும் பேரில் இல்லாமல் போனது. மகள் கல்யாணத்துக்கு விற்க முடியாது, பாங்கில் வைக்க முடியாது. இழப்பீட்டு வழக்கு என்று கோர்ட்டுக்கு நடந்து நடந்து அக்கா வீட்டுக்காரருக்குத் தலை நரைத்தது. பல வருஷம் கழித்துத்தான், நிலத்தை உரியவர்களுக்கே திருப்பித் தருவதாக அரசாங்கம் அறிவித்தது. அன்று அக்கா போன் பண்ணி வேறு ஒன்றும் பேசவில்லை. "முந்திரி மரத்துக்கு இந்த வருஷம் களை எடுக்கணும்டி" என்றாள்.

மகனிடம் சொல்லும்போது ஒரு தேதியில் நின்றுவிட்டேன். நவம்பர் 23. மாவட்டம் இரண்டாம் தடவை பிறந்த நாள் அது. 1956-ல் அதே நவம்பர் 23 விடியற்காலையில்தான் மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றுக்குள் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். வெளியூர்க்காரர்களுக்கு அரியலூர் என்ற பெயர் தெரிந்ததே ரொம்ப காலம் அந்த விபத்தால்தான். தாத்தா அப்போது அரியலூர்ச் சந்தைக்கு மாடு ஓட்டிக்கொண்டு போனவர். ஆற்றங்கரையில் பார்த்ததைப் பற்றி அவர் கடைசிவரை வாய் திறக்கவில்லை என்று அப்பா சொல்வார். மழைக்காலத்தில் மருதையாற்றுப் பாலத்தில் ரயில் மெதுவாகப் போகும்போது பெட்டியில் இருக்கும் வயதானவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

இன்னும் எவ்வளவோ இருக்கிறது. பழுவேட்டரையர்கள் கட்டிய இரட்டைக் கோவில் கீழையூரில் நிற்கிறது. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர், ஏலாக்குறிச்சியில் மாதா கோவில் கட்டி, ஊருக்குத் திருக்காவலூர் என்று தமிழில் பெயர் வைத்தார். அரியலூர் மழவராயர்களும் உடையார்பாளையத்துக் காலாட்கள் தோழ உடையார்களும் ஆண்ட பாளையங்கள்தான் கம்பெனிக்காரன் கைக்குப் போய், திருச்சி மாவட்டத்தின் ஒரு மூலையாகிக் கடைசியில் நாங்களாக ஆனோம். அவற்றை இன்னொரு நாள் விரிவாக எழுதுகிறேன்.

கரைவெட்டியை மட்டும் விட மனசில்லை. மேட்டூர்த் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்காலில் வந்து நிறையும் ஏரி அது. 2024 ஜனவரியில், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. மார்கழி, தை மாதங்களில் இமயத்துக்கு அந்தப் பக்கமிருந்து வரித்தலை வாத்துகள் வருகின்றன. தலையில் இரண்டு கறுப்புக் கோடு. ஸ்டோலிச்கா மூச்சு விட முடியாமல் இறந்த மலைகளைத் தாண்டி, இவை எங்கள் மாவட்டத்து ஏரியில் வந்து இறங்கி, அறுத்த வயலில் நெல் பொறுக்குகின்றன. எந்த மாவட்டமாக இருந்த வருஷத்திலும் அவை வழி தப்பவில்லை.

விண்ணப்பத்தில் சொந்த மாவட்டம் என்ற இடத்தில் மகன் அரியலூர் என்று போட்டான். எந்தப் பாடம் என்று கேட்ட இடத்தில் முதலாவதாக நிலவியல் போட்டிருக்கிறான். அவன் அப்பாவுக்கு இன்ஜினியரிங் ஆசை. இரண்டு நாளாகப் பேச்சு நடக்கிறது. நான் நடுவில் போகவில்லை.

பெட்டியைத் திரும்பப் பரணில் ஏற்றும் முன் ஒன்று செய்தான். மாடத்திலிருந்த நத்தைக் கல்லை எடுத்து ஈரத்துணியால் துடைத்து, அப்பா பயன்படுத்திய நூலால் சுற்றளவு எடுத்தான். ஒரு தாளில், கிடைத்த இடம்: தாத்தா கிணறு, சுமார் முப்பதடி ஆழம், கிடைத்த வருஷம்: 1988 கோடை என்று எழுதினான். கீழே ஊர்ப்பெயரும் பின்கோடும் எழுதி, அந்தத் தாளை மடித்துக் கல்லுக்கு அடியில் வைத்தான். வாரணவாசிக்காரர்கள் கேட்டால் கொடுக்கலாமா அம்மா என்று கேட்கிறான். அப்பத்தா இருந்திருந்தால் அவளிடம்தான் கேட்டிருக்க வேண்டும்.